மறுகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய்மாமன்

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பேரூராட்சிக்காரர்கள் ஒரு பூங்கா போட்டிருக்கிறார்கள். நாலு ஊஞ்சல், ஒரு சறுக்கு, காது உடைந்த சிமெண்ட் மான் ஒன்று, கரையோடு போகிற ஒரு நடைபாதை. இவ்வளவுதான் பூங்கா. ஆனால் அங்கே செய்யக்கூடாத காரியங்கள் ஏராளம். தண்ணீரில் இறங்கக்கூடாது, மடைப்படியில் உட்காரக்கூடாது, புல்லில் நடக்கக்கூடாது, நாயைக் கூட்டி வரக்கூடாது, மானின் மேல் ஏறக்கூடாது. இந்தக் கூடாதுகளை எல்லாம் சாயங்காலம் தோறும் ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை எனக்கு.

நான் சவுண்ட் சர்வீஸ்காரன். பழனிசெட்டிபட்டி கல்யாண மண்டபங்களில் இருந்து ராயப்பன்பட்டி சர்ச் திருவிழா வரைக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். விசேஷம் இல்லாத நாட்களில் ஆம்ப்ளிபயரும் நானும் கடையில் சும்மாதான் உட்கார்ந்திருப்போம் என்பது தெரிந்து, பேரூராட்சியில் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார்கள். பூங்கா வாசலில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு மைக், கரை நெடுக நாலு குழாய்கள். எந்த இடம் மூடல், எந்த இடம் திறப்பு என்று அலுவலகத்தில் இருந்து போன் வரும். நான் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் அவர்களே எழுதிக் கொடுத்ததைப் பதிவு செய்து ஓட விட்டேன். "அன்பார்ந்த சுற்றுலாப் பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நீர்நிலையின் ஆழமான பகுதிகளுக்குச் செல்வதைத் தவிர்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." கடையில் மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்க, செய்தி வாசிக்கிற குரலில் பேசியது. எனக்கே கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஒரு ஈ காக்கை அசையவில்லை. மடைப்படியில் பிள்ளையை உட்கார வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், "ஏம்மா, காது கேக்கலையா? இவ்வளவு நேரமா யாருக்குச் சொல்லிட்டு இருக்கேன்?" என்று கேட்டேன்.

அவள் நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். "யாரோ சுற்றுலாப் பயணிகளுக்குல்ல சொன்னீக? நாங்க இங்கன பின்னாடித் தெருதானே."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் ஊரில் எவனும் தன்னைச் சுற்றுலாப் பயணி என்று நினைத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. அறைக்குப் போய்ப் பதிவை நிறுத்தினேன். மைக்கை எடுத்து, மண்டபத்தில் பேசுகிற மாதிரியே பேச ஆரம்பித்தேன்.

"ஊதாச் சேலை கட்டுன மதினி, பிள்ளை படியில ஒத்தைக் கால்ல நிக்கிது, கையப் புடிங்க. செல்போனு எங்கயும் போயிராது." மதினி பாய்ந்து பிடித்தது. "மான் மேல ஏறி போட்டோ எடுக்கிற மாப்ள, அது தாங்கும், உங்க பேண்ட்டு தாங்காது." மாப்ள இறங்கிவிட்டான். முறை சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் ஆட்களால் கேட்காமல் இருக்க முடியாது. வயதை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டும். சின்னம்மா என்று கூப்பிட வேண்டியவர்களை மதினி என்று கூப்பிட்டால், சொன்ன இடத்தில் மட்டுமில்லை, சொல்லாத இடத்தில் இருந்தும் விலகி நிற்பார்கள்.

அதற்கப்புறம் மூடல் அறிவிப்புகளைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மருதமரத்தில் மலைத்தேனீ கூடு கட்டியபோது அந்தப் பாதையை மூடினார்கள். "அங்கன குடும்பத்தோட குடி வந்திருக்காக, சென்ட் அடிச்சவக யாரும் பால் காய்ச்ச வந்த மாதிரி பக்கத்துல போயிராதீக" என்றேன். சறுக்குக்குள் சாரைப்பாம்பு படுத்திருந்த அன்று, "சறுக்குல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு, அவரு இறங்குன பின்னாடி ஏறலாம்." ஆடிக் காற்றில் கிளை முறிகிறது என்று போன் வந்த சாயங்காலம், "புளியமரத்தடியில ரகசியம் பேசுறவக எல்லாம் கொஞ்சம் வெட்டவெளிக்கு வந்து பேசுங்க." மரத்துக்குப் பின்னால் இருந்து ஜோடி ஜோடியாகத் தலைகுனிந்து வெளியே வந்தார்கள். அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டு, அரசு அறிவிப்பு இப்படியா இருப்பது என்று சடைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வருஷம் ஒரு பிள்ளைகூடத் தண்ணீரில் விழவில்லை என்பதால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு ஆள் மட்டும் நான் சொல்கிற எதையும் கேட்பதில்லை. அவர் என் மனைவியின் அண்ணன்.

என் மச்சானுக்குக் கண்மாய்க்குத் தெற்கே திராட்சைத் தோட்டம். சுகர் இருப்பதால் டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். நடக்க வேறு இடம் இல்லாததால் தினமும் சாயங்காலம் நாயோடு பூங்காவுக்கு வருவார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் நான் இல்லை, கரண்ட்.

எங்கள் மூத்த மகளின் காதுகுத்தில் நடந்தது அது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் மண்டபத்துக்குள் நுழைந்தால் மைக்கில் சொல்லியாக வேண்டும். என்ன தாம்பாளம், என்ன பட்டு, என்ன பாத்திரம் என்று ஒவ்வொன்றாக. பெண்கள் கழுத்தை நீட்டி எண்ணுவார்கள். தாய்மாமன் எதுவும் காதில் விழாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, முழுதாகச் சொல்லி முடிக்கட்டும் என்று மெதுவாக நடப்பார். என் மச்சான் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி சீர் கொண்டு வந்தார். கொட்டும் வெடியுமாக வாசலுக்கு வந்தார். நான் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினேன். கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் லைனை மாற்ற நேரம் வேண்டாமா? அதற்குள் மச்சான் எவ்வளவோ மெதுவாக நடந்து பார்த்தும் மேடை வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டார். லைன் வந்த அதே நிமிஷம் என் தங்கை ஒரு தட்டில் வாழைப்பழமும் சட்டைத்துணியும் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நான் ஜெனரேட்டர் பக்கம் நிற்க, மைக்கை வாங்கி வைத்திருந்த என் ஆள் ஒருவன், ஆர்வக்கோளாறில், "அத்தை சீர் வந்துக்கிட்டிருக்கு!" என்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டான். மச்சான் என் மகளை மடியில் வைத்துக் காது குத்தும் வரை வாயைத் திறக்கவில்லை. அது முடிந்ததும் எழுந்து, பந்தியில் கை நனைக்காமல் போய்விட்டார்.

ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் நாயிடம் திரும்பி, "வந்தவுகள உக்காரச் சொல்லு" என்றார். நாய்க்கும் எனக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து, "கரண்ட் போனா நான் என்ன செய்ய? நான் என்ன ட்ரான்ஸ்பார்மரா? இனி அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று என் மனைவியிடம் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன் வீடு ஒன்றுதான். தீபாவளி, பொங்கல் எதற்கும் போக இடமில்லாமல் வீட்டிலேயே இருந்தாள்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். எங்கள் இளையவளுக்குக் காது குத்துவதானால் அவள் அண்ணன் மடியில்தான். பிள்ளை பால்வாடி முடித்து எல்.கே.ஜி.க்கும் போய்விட்டது. காது மூளியாகவே இருந்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கம்மல் போட்டிருக்கிறார்கள் என்று அழும். என் மனைவி பேன்சி ஸ்டோரில் ஒட்டுப்பொட்டு மாதிரி ஒட்டுகிற கல் வாங்கி வந்து, தினமும் காலையில் பிள்ளையின் காதில் ஒட்டி அனுப்புவாள். சாயங்காலம் வரும்போது ஒரு காதில்தான் இருக்கும். இன்னொன்று ஒருநாள் சாம்பாரில் கிடைத்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "என்னங்க, ஊருக்கெல்லாம் காதுகுத்துக்குக் குழாய் கட்டுறீக, உங்க பிள்ளைக்கு எப்ப?" என்று கேட்பார்கள். சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

இந்த நிலையில்தான் நான் பூங்காவில் மைக் பிடித்ததும், மச்சான் பூங்காவில் நடந்ததும். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் முறை சொல்லிக் கூப்பிடுகிற வாய்க்கு அவரை மட்டும் கூப்பிட வரவில்லை. நான் முதலில் மச்சான் என்று சொன்னால் நான் இறங்கிப் போனதாக ஆகிவிடும் அல்லவா? அதனால் அவர் ஒருவருக்காக மட்டும் அந்தச் சுற்றுலாப் பயணிகள் பதிவை அழிக்காமல் வைத்திருந்தேன். அவர் புல்லில் கால் வைத்ததும் அதை ஓட விடுவேன். அவர் புல்லை விட்டு நகராமல் அங்கேயே முன்னும் பின்னும் நடப்பார். நாய்க்கு அனுமதி இல்லை என்று ஓட விட்டால் நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குழாய்க்கு நேர் கீழே நின்று கொஞ்சுவார். தேனீக் கூட்டுக்காக மூடிய பாதையில் தினமும் போய்விட்டு வந்தார். தேனீக்களும் அவரிடம் பேசாமல் இருந்தன என்று நினைக்கிறேன்.

நடைபாதையின் தென்கோடியில் மறுகால் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம். மற்ற நாட்களில் அந்த சிமெண்ட் மேடையைத் தாண்டி அந்தப் பக்கம் போகலாம். அங்கே ஒரு கல்பெஞ்சு உண்டு. பின்னால் வாய்க்கால், முள்ளு, வேறு வழி கிடையாது. மச்சான் நடந்து முடித்து உட்காருவது அந்தக் கல்பெஞ்சில்தான். என் அறையில் இருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

போன ஐப்பசியில் மேற்கு மலையில் விடாத மழை. வாய்க்காலில் தண்ணீர் செந்நிறமாக வந்து கண்மாயில் விழுந்துகொண்டிருந்தது. சாயங்காலம் போன் வந்தது. "மறுகால் பாயப் போகுது, பூங்காவை மூடுங்க, எல்லாரையும் வெளியேத்துங்க." நான் மைக்கில் சொன்னேன். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். ஆனால் மூடியாச்சு என்று சொன்னதும், மூடியதைப் பார்க்க ஊர்ப்பட்ட கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு மறுகால் பாய்வது என்றால் தேர் பார்க்கிற மாதிரி. கூட்டத்தில் என் மனைவியும் இளையவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "எல்லாரும் வந்துட்டாக. உங்க மச்சான் மட்டும் அந்தப் பக்கம் பெஞ்சுல உக்காந்துருக்காரு. தண்ணி இப்பவே கணுக்கால் அளவு ஓடுது. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாரு."

தண்ணீர் ஏறினால் முழங்கால், இடுப்பு என்று போகும், அப்புறம் யாராலும் தாண்ட முடியாது. கை தானாகப் போய்ப் பழைய பதிவைத்தான் ஓட விட்டது. அன்பார்ந்த சுற்றுலாப் பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அது அறையில் இருந்தே தெரிந்தது.

என் மனைவி அறை வாசலுக்கு வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது. "ஏங்க, அத நிப்பாட்டுங்க. அது யாரு, எங்க அண்ணனா, சுற்றுலாப் பயணியா? மொறையாக் கூப்பிடுங்க. இன்னக்கி ஒங்க வீம்பும் வேணாம், அவுக வீம்பும் வேணாம். அண்ணனுக்கு ஒண்ணுன்னா நான் எங்கன போவேன்?"

அவள் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. மைக்கை எடுத்தேன். மச்சான் என்று மட்டும் கூப்பிட்டால் வருகிற ஆள் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்ன பாக்கி என்பதும் தெரியும். தொண்டையைச் செருமினேன்.

"எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க! எங்க மூத்த மகளுக்குத் தாய்மாமன், திராட்சைத் தோட்டத்துக்காரரு, எங்க மச்சான், கொட்டு முழங்க, வெடி அதிரச் சீர் கொண்டு வந்துக்கிட்டிருக்காக! முதல் தாம்பாளத்துல அரக்கு பார்டர் போட்ட பச்சைப் பட்டுப்பாவாடை! அடுத்ததுல கொலுசு! அடுத்ததுல..."

பெஞ்சில் முதுகு நிமிர்ந்தது. தலை மெல்லத் திரும்பியது. அந்த நேரம் பார்த்து ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது.

சத்தியமாக அழுகை வந்துவிட்டது எனக்கு. மறுபடியுமா? அதே ஆளுக்கா? அவர் தலை மறுபடி அந்தப் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். மைக்கைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரையில் ஓடினேன். என் பின்னால் என் மனைவி ஓடி வந்தாள். அவள் பின்னால் வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் ஓடி வந்தது. பூங்காவை மூடச் சொன்ன நாளில் அதுவரைக்கும் பார்க்காத கூட்டத்தை உள்ளே கூட்டிக்கொண்டு ஓடிய ஒரே அறிவிப்பாளன் நானாகத்தான் இருப்பேன். வாட்ச்மேன் விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு அவரும் ஓடி வந்தார்.

மறுகாலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். மைக் இல்லாத என் குரலை அன்றைக்குத்தான் நானே முதலில் கேட்டேன். சகிக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் வேறு அதைப் பாதியில் தின்றது. "பித்தளை அண்டா!" என்றேன். என் மனைவி வாங்கிக் கத்தினாள். "பித்தளை அண்டா!" பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து, "பித்தளை அண்டா!" என்றார்கள். "குத்துவிளக்கு!" என்றேன். "குத்துவிளக்கு!" "தட்டு நெறையாப் பன்னீர் திராட்சை, சொந்தத் தோட்டத்துப் பழம்!" அதையும் கத்தினார்கள். அன்று ஒவ்வொரு தாம்பாளமும் வரிசையாக என் கண்ணில் நின்றது. சொல்ல முடியாமல் போனதைத்தான் மனசு பத்திரமாக வைத்திருக்கும் போல. "பால்கோவா! அதிரசம்! சாக்லேட் மாலை! வாங்க மச்சான், வாங்க! உங்க தங்கச்சி காத்துக்கிட்டு நிக்கிறா!"

மச்சான் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நாயைக் கக்கத்தில் இடுக்கினார். வாட்ச்மேன் வீசிய கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார். நுரைத்து ஓடுகிற தண்ணீருக்கு நடுவில், எதுவும் காதில் விழாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்தார். "அய்யா, வெரசா வாங்க!" என்று வாட்ச்மேன் அலறினார். அவர் அவசரப்படவில்லை. என் மனைவி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். பின்னால் ஊரே குலவை போட்டது.

கரையேறி என் முன்னால் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. இத்தனை காலத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"கிடாய விட்டுட்டீக, மாப்ள."

"கிடாயும்!" என்று கத்தினேன். "மாலை போட்ட கருப்புக் கிடாயும்!"

"கருப்புக் கிடாயும்!" என்றது ஊர்.

என் மனைவி அவர் தோளில் ஓர் அடி போட்டாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதாள். "போயிருவீகளா? என்ன விட்டுட்டுப் போயிருவீகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் நாயைக் கீழே விட்டுவிட்டு, அவள் தலையில் கை வைத்து நின்றார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. மழைத் தூறல் என்று சொல்லிவிடலாம், ஆனால் தூறல் அப்போது இல்லை.

பிறகு இளையவளைத் தூக்கினார். அவள் புது ஆளைப் பார்த்துத் தலையைச் சிலுப்பியதில் ஒரு காதுக் கல் உதிர்ந்து அவர் ஈரச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிள்ளையின் காதைத் தடவிப் பார்த்தார்.

"தையில வச்சுக்குவோம், ஆத்தா" என்றார் என் மனைவியிடம். அப்புறம் என்னைப் பார்த்தார். "இந்தத் தடவ ஜெனரேட்டரு நான் கொண்டாரேன், மாப்ள. அதையும் சீர்ல சேத்து மைக்ல சொல்லிரணும்."